9. நாலு வருஷக் கயிறு

சனிக்கிழமை காலையில் நெரைடா வங்கியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னாள். எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த கணவர் வீலோவுக்குப் புரையேறிவிட்டது.

ஏறாமல் என்ன செய்யும்? அந்த வீட்டில் வங்கி என்பது ஒரு வசவுச் சொல். துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வீலோவின் தொழில் ஓஹோவென்று நடந்த காலத்தில்கூட, "வங்கிக்காரன் சிரிச்சுப் பேசினா வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எண்ணிப் பாரு" என்று எச்சரித்தவளே நெரைடாதான்.

"புது வண்டியா எடுத்துடுவோம்யா. லீசுக்கு," என்றாள் இப்போது. "மாசாமாசம் கட்டிட்டு நிம்மதியா இருக்கலாம். வங்கியிலயும் மனுசங்கதானே இருக்காங்க."

வீலோ நெஞ்சைத் தட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார். "லீசுன்னா குத்தகை. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தா வாழையாவது வைக்கலாம். வண்டியைக் குத்தகைக்கு எடுத்து என்னத்தை வைப்பே?"

"மானத்தை வைக்கலாம். உன் பிக்கப்புல ஏறினா அது மட்டும்தான் கூட வரமாட்டேங்குது."

வீலோவின் பிக்கப் வண்டிக்குப் பின்னோக்கிப் போகும் வழக்கம் கிடையாது. ரிவர்ஸ் கியர் செத்து ஐந்து வருடமாகிறது. எந்த இடத்துக்குப் போனாலும் அங்கிருந்து முன்பக்கமாகவே வெளியேற வழி இருக்கிறதா என்று முதலிலேயே யோசித்துவிட்டுத்தான் வீலோ கிளம்புவார். வழி இல்லாத வீடுகளோடு அவர் உறவையே விட்டுவிட்டார்.

வண்டிப் பேச்சு ஏன் வந்தது என்பது போன வாரம் நம்மோடு இருந்தவர்களுக்குத் தெரியும். மகள் லிஸ்மரியின் கார், காகுவாஸ் நகரத்திலிருந்து அவர்கள் ஊரான காயேக்கு ஏறும் மேட்டில், குவாவாதே மலைக்குப் பன்றி வறுவல் தின்னப் போகிற விடுமுறைக் கூட்டத்துக்கு நட்டநடுவில் புகையை விட்டது, உடனே உயிரையும் விட்டது. மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

லிஸ்மரிக்கு இருபத்தேழு வயது. காகுவாஸ் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறி வருகிறவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கிற வேலை. காலையில் அம்மாவைப் பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போவாள். கார் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு நாள் ஓடாது. வீலோ அன்றைக்கே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அவருடைய டோமினோ கூட்டாளி மோன்சே தன் பழைய காரை விற்கிறார். ரொக்கம் கொடுத்தால் அடுத்த நிமிடம் கார் நம்முடையது.

அந்த "நம்முடையது" என்ற சொல்தான் நெரைடாவுக்குக் கிலியைக் கிளப்பியது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த சிநேகிதி சுல்மா, சீப்பை நிறுத்தாமலே ஒரு குண்டைப் போட்டிருந்தாள். சுல்மாவின் கணவர் அவர்கள் தீவின் தலைநகரான சான் ஹுவானின் துறைமுகத்தில், கப்பலில் கார் அனுப்பும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்.

"உன் பொண்ணு போன மாசம் எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து, ஒரு காரை ஃப்ளோரிடாவுக்கு அனுப்ப எவ்வளவு ஆகும்னு விசாரிச்சாளாம். நீ ஒரு வார்த்தை சொல்லலையேடி."

நெரைடா சாயத் தலையோடு எழுந்து வீதிக்குப் போகப் பார்த்தாள். சுல்மாதான் பிடித்து உட்காரவைத்தாள்.

மூத்தவன் எலியேலும் இப்படித்தான் முதலில் காரைக் கப்பலில் ஏற்றினான். ஆறே மாதம் என்றான். ஒன்பது வருடமாகிவிட்டது. ஃப்ளோரிடாவின் ஓர்லாண்டோ நகரத்தில் இப்போது அவனுக்கு மனைவி, வீடு, நாய் எல்லாம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வந்து, பச்சைத் துவரைச் சோற்றை மூன்று வேளையும் தின்றுவிட்டுப் போகிறான். நெரைடா அங்கே போனதே இல்லை. அவள் விமானத்தில் ஏறமாட்டாள். பிடித்துக்கொள்ள ஒரு கிளைகூட இல்லாத உயரத்தில் தனக்கு ஜோலி இல்லை என்பது அவள் கட்சி. ஆக, அந்த வீட்டு அனுபவப்படி, கார் கப்பலேறினால் பிள்ளை விமானமேறும்.

நோயைச் சொன்ன சுல்மாவே மருந்தையும் சொன்னாள். "லீஸ் காரா எடுத்துக் கொடுத்துடு. அது வங்கியோட சொத்து. அவங்க அனுமதி இல்லாம தீவை விட்டு ஓரடி நகர்த்த முடியாது. நாலு வருஷம் அப்படியே கட்டிப் போட்டுடும். இப்படி வந்தவங்க எத்தனை பேரை எங்க வீட்டுக்காரர் திருப்பி அனுப்பியிருக்கார் தெரியுமா?"

அந்த நொடியில்தான் நெரைடாவுக்கு வங்கியின் மேல் பக்தி பிறந்தது. பெற்றவள் பேச்சைக் கேட்காத பிள்ளை, வங்கி பேச்சைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

வீலோவிடம் அவள் மூச்சு விடவில்லை. அவரிடம் சொல்கிற ரகசியம் சாயங்காலம் டோமினோ மேசைக்குப் போய்விடும். ராத்திரிக்குள் காயே ஊருக்கே தெரிந்துவிடும்.

"ஆசீர்வாதம்மா, ஆசீர்வாதம்ப்பா," என்று தினமும் காலையில் கேட்பதுபோல் ஆசி கேட்டபடி லிஸ்மரி அறையிலிருந்து வந்தாள்.

"ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்," என்றார்கள் இரண்டு பேரும், சண்டையை நிறுத்தாமலே.

"நீயே சொல்லும்மா லிஸ்," என்றார் வீலோ. "ஓட்டப்போறவ நீ. புதுசா, பழசா?"

லிஸ்மரி ரொட்டியில் வெண்ணெயைத் தடவினாள். வழக்கத்தை விட அதிகமாகவே தடவினாள். "அம்மா சொல்றது சரின்னுதான் எனக்கும் படுதுப்பா. புது வண்டின்னா வாரண்டி இருக்கும். வழியில நின்னா ஒரு ஃபோன் அடிச்சாப் போதும், வந்து பாப்பாங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இவ்வளவு சுலபமாகவா என்று நெரைடா ஒரு கணம் யோசித்திருக்கலாம். ஆனால் ஜெயிக்கிறவர்கள் எந்தக் காலத்தில் யோசித்திருக்கிறார்கள்?

"முதல்ல மோன்சே வண்டியைப் பாப்போம்," என்றார் வீலோ முறுக்கிக்கொண்டு. "பாக்காமலே வேண்டாம்னா அவன் முகத்தில நான் எப்படி முழிப்பேன்? உன் ஞானத்தகப்பன் வேற."

மோன்சேயின் வீடு ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருந்தது. முட்டுச் சந்துக்குள் வீலோவின் பிக்கப் போகாது. முக்கில் நிறுத்திவிட்டு மூவரும் மேட்டில் நடந்தார்கள். வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது. நெரைடா ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று பிக்கப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு புருஷனைப் பார்த்தாள்.

மோன்சே போர்ட்டிகோவில் தயாராக நின்றார். கார் மேல் பூப்போட்ட படுக்கை விரிப்பு மூடியிருந்தது. அவர் அதை ஒரு முனையிலிருந்து மெல்ல உருவினார், அம்மன் சன்னிதியில் திரை விலக்குவதுபோல.

பன்னிரண்டு வருடத்துக் கார். ஆனால் பார்த்தால் நேற்றுப் பிறந்தது போலிருந்தது. இருக்கைகளில் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழியவில்லை.

"மழையே பாத்ததில்ல தங்கச்சி இந்த வண்டி," என்றார் மோன்சே.

"இந்தத் தீவில மழை பாக்காத வண்டியா? மழை வந்தா என்ன பண்ணுவீங்கண்ணே?"

"வீட்டில இருப்பேன்."

"அப்ப வண்டி எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவேன். சனிக்கிழமை இவனைக் கூட்டிட்டு ஒரு சுத்து சுத்துவேன்."

இவன் என்று அவர் காட்டியது பின் இருக்கையை. அங்கே ஒரு சேவல் உட்கார்ந்திருந்தது. ஒரு கண் இல்லை, கொண்டையில் பாதி இல்லை, ஆனாலும் மார்பு நிமிர்ந்திருந்தது. வந்தவர்களை அது வாடகைக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"ஜெனரல்," என்று அறிமுகப்படுத்தினார் மோன்சே. "சண்டைக் களத்துக்குப் போறதை எல்லாம் விட்டாச்சு. இருந்தாலும் சனிக்கிழமை வண்டியை எடுத்தா அவனும் வந்தாகணும். இல்லேன்னா ரெண்டு நாளைக்கு என்கூடப் பேசமாட்டான்."

சேவல் இறங்க மறுத்ததால், அதற்குப் பக்கத்திலேயே நெரைடா ஏறி உட்கார வேண்டியதாயிற்று. வீலோ ஸ்டியரிங்கைப் பிடித்தார். லிஸ்மரி அவர் பக்கத்தில்.

வீலோ கியரைப் போட்டார். கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நெரைடா கண்ணாடியில் பார்த்தாள். தெருவுக்கு வந்தவர் மறுபடி முன்னால் போய் போர்ட்டிகோவில் ஏறினார். மறுபடி பின்னால் வந்தார். மூன்றாவது தடவையும் அதையே செய்தபோது லிஸ்மரி அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"அப்பா, தெருவில போய்ப் பாக்கலாமா?"

"இரும்மா. நல்லா வருதான்னு பாக்கறேன்."

நன்றாகவே வந்தது. மேட்டில் மூச்சு வாங்கவில்லை. பள்ளத்தில் சத்தம் போடவில்லை. ஏசி குளுகுளுவென்று அடித்தது. காயேயின் குண்டும் குழியுமான தெருவில் எதிரே வந்த எல்லாரும் கை காட்டினார்கள். நெரைடா தனக்குத்தான் காட்டுகிறார்கள் என்று நினைத்தாள். பார்த்தால் எல்லாரும் ஜெனரலுக்குக் காட்டினார்கள்.

"நல்ல வண்டிதாம்மா," என்றாள் லிஸ்மரி, மனசார.

நெரைடாவின் கண்ணுக்கு முன்னால் அந்தக் கார் அப்படியே கப்பலேறியது. ஏதாவது குறை சொல்லியாக வேண்டும், சொல்ல ஒன்றும் இல்லை. இருக்கிற ஒரே குறை பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து இறங்கியதும் மோன்சே விலை சொன்னார். "வெளியாளுக்கு ஆறரை ஆயிரம் டாலர். என் ஞானமகளுக்குன்னா ஐயாயிரம். ஒரே ஒரு நிபந்தனை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஜெனரலை ஒரு சுத்து கூட்டிட்டுப் போகணும். அதிக தூரம் வேண்டாம், சதுக்கம் வரைக்கும் போதும்."

நெரைடாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கேட்டியாய்யா? வங்கிக்காரன் மாசம் ஒரு தவணைதான் கேப்பான். இவர் வாரம் ஒரு சேவல் ஊர்வலம் கேக்கறார். மோன்சே அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. காகுவாஸ் போய் அதையும் ஒரு பார்வை பாத்துட்டு வந்து சொல்றோம்."

மோன்சே தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெனரல் எடுத்துக்கொண்டது. அவர்கள் முக்கு திரும்பும் வரை கூவிக்கொண்டே இருந்தது.

காகுவாஸில் நெடுஞ்சாலை ஓரமாகப் பெரிய வெள்ளைக் கூடாரம் போட்டிருந்தார்கள். வருடத்துக்கு நாலைந்து தடவை அங்கே ஒரு கார் கடை இப்படித் திருவிழா நடத்தும். ஒரு பக்கம் மேளதாளத்தோடு பாட்டுக்காரர்கள், ஒரு பக்கம் கம்பியில் குத்திச் சுட்ட கோழி, நடுவில் வரிசை வரிசையாகப் புதுக் கார்கள், அவற்றுக்குப் பின்னால் வங்கிக்காரர்களின் மேசைகள். காரை வாங்க வருகிறவர்களை விடக் கோழி தின்ன வருகிறவர்கள் அதிகம் என்றாலும், தின்றவர்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள்.

வீலோ சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நுழைவாயிலை அடைத்தாற்போல் பிக்கப்பை நிறுத்தினார். சட்டைப்பையில் பெயர் குத்திய ஒரு இளைஞன் ஓடி வந்தான். அபிமாயேல் என்று போட்டிருந்தது.

"ஐயா, வண்டியைக் கொஞ்சம் பின்னாடி எடுத்துக்கறீங்களா?"

"பின்னாடி எடுக்கற பழக்கம் இல்ல தம்பி," என்றார் வீலோ. "உன் காரையெல்லாம் முன்னாடி தள்ளிக்கோ."

அபிமாயேல் பொறுமைசாலி. அவர்களை உட்காரவைத்து, குளிர்ந்த மால்ட்டா பானம் கொடுத்து, ஒரு சிவப்புக் காரைக் காட்டினான். மாதம் நானூறு டாலருக்கு ஒன்றிரண்டு குறைச்சல். நாலு வருடம். முன்பணம் கொஞ்சம்.

"நாலு வருஷம் கழிச்சு வண்டி யாருக்கு?" என்று கேட்டார் வீலோ.

"வங்கிக்கு ஐயா. நீங்க விருப்பப்பட்டா அப்ப விலை கொடுத்து வாங்கிக்கலாம்."

"நடுவில கீறல் விழுந்தா?"

"அதுக்கு நீங்க கட்டணும்."

"அப்ப வண்டி அவங்களோடது, கீறல் நம்மளோடது."

"நீ சும்மா இருய்யா," என்றாள் நெரைடா. நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஏன் தம்பி, நடுவில ஒருத்தர் வேண்டாம்னு திருப்பிக் கொடுத்தா?"

அபிமாயேல் குரலைத் தாழ்த்தினான். "அபராதம் கொஞ்சம் அதிகம்தாம்மா. உண்மையைச் சொல்லிடறேன்."

"அதிகம்னா, நல்லா வலிக்கிற மாதிரியா?"

"நல்லாவே வலிக்கும்மா."

"நல்லது. வண்டியை வேற ஆளுக்கு மாத்திவிட?"

"ரொம்பக் கஷ்டம்மா."

"நல்லது, நல்லது. தீவை விட்டு வெளியே, இப்ப ஒரு பேச்சுக்கு, ஃப்ளோரிடாவுக்குக் கொண்டு போகணும்னா?"

"வங்கி விடாதும்மா. அது மட்டும் நடக்கவே நடக்காது."

நெரைடா நிமிர்ந்து உட்கார்ந்து மால்ட்டாவை ஒரே மூச்சில் குடித்தாள். ஒவ்வொரு நிபந்தனைக்கும் முகம் மலர்கிற ஒரு வாடிக்கையாளரை அபிமாயேல் இதுவரை பார்த்ததில்லை. இன்னும் ஏதாவது நிபந்தனை மிச்சமிருக்கிறதா என்று அவன் ஆர்வமாக யோசித்தான்.

வீலோ தோல்வியை ஒப்புக்கொண்டு கோழி வாங்கப் போய்விட்டார்.

"அப்ப எழுதிடலாமா?" என்றான் அபிமாயேல். "யார் பேர்ல போடறது?"

"மக பேர்ல," என்றாள் நெரைடா.

"அம்மா பேர்ல," என்றாள் லிஸ்மரி.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அபிமாயேல் பேனாவை மேலே தூக்கிக் காத்திருந்தான்.

"எனக்கு எதுக்குடி வண்டி?"

"பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவே?"

"எப்பவும் போற மாதிரி உன்கூடத்தான்."

கூடாரத்தின் மறுகோடியில் பாட்டுக்காரர்கள் புதுப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார்கள். லிஸ்மரி அது முடியட்டும் என்று காத்திருப்பதுபோல் இருந்தாள், பிறகு அது முடியாது என்று தெரிந்து பேசினாள்.

"அம்மா, ஓர்லாண்டோல வேலை கிடைச்சிருக்கு. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி. அடுத்த மாசம் சேரணும். நாளைக்குச் சாப்பிடும்போது உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும்னு இருந்தேன். இப்படிக் கூடாரத்தில வெச்சுச் சொல்ல நினைக்கலை."

நெரைடாவின் கை தானாகக் காலி மால்ட்டா பாட்டிலைத் திருகியது.

"முன்பணம் நான் சேத்து வெச்சிருக்கேன்," என்று மளமளவென்று தொடர்ந்தாள் லிஸ்மரி. "மாசத் தவணையில பாதியை அங்கேருந்து அனுப்பிடுவேன். அந்த பிக்கப்பை நம்பி உங்களை விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராதும்மா. உன்னைப் புது வண்டிக்கு எப்படிச் சம்மதிக்க வைக்கறதுன்னு ஒரு வாரமா மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டு இருந்தேன். காலையில நீயே லீஸ்னு சொன்னதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நெரைடா யானையை மிஞ்சிவிட்டாள். வியாழக்கிழமையிலிருந்து பார்த்துப் பார்த்துத் திரித்த கயிறு. எத்தனை முடிச்சு என்று வாயாலேயே கேட்டுக் கேட்டுச் சரிபார்த்த கயிறு. இப்போது அது அவள் கழுத்தில்.

"நீ கப்பல்ல கார் அனுப்பத்தானே விசாரிச்சே?" என்றாள்.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"சுல்மா."

"அந்தக் காரைத்தான் கேட்டேன். அதுதான் செத்துப் போச்சே. அங்க போய் ஏதாவது வாங்கிப்பேன்."

"நான் உன்னைக் கட்டிப் போடத்தான்டி இந்த லீசைக் கொண்டு வந்தேன்." மறைத்துப் பேச நெரைடாவுக்கு இனித் தெம்பில்லை. "வங்கி விடலைன்னா நீ போகமாட்டேன்னு நெனச்சேன். என்னால முடியாததை வங்கி செய்யும்னு நெனச்சேன்."

லிஸ்மரி முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அது அழுகையாக மாறியது. எழுந்து வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அபிமாயேல் நாகரிகமாகத் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெரைடாவுக்குக் கோபம் வந்தது. மகள் மேல், சுல்மா மேல், அங்கே இரட்டைச் சம்பளம் கொடுக்கிற ஆஸ்பத்திரி மேல், எல்லார் மேலும் வந்தது. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். பொழுது விடிந்தால் அந்த வீட்டில் ஆசீர்வாதம் கேட்டு எழுந்து வர ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

கைகளில் மூன்று கோழிக் கம்பிகளோடு வீலோ வந்து நின்றார். "என்ன ஆச்சு? வட்டியை ஏத்திட்டானா?"

லிஸ்மரி சொன்னாள். இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். வீலோ உட்காரவில்லை, கோழியையும் கடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உங்கண்ணன் வீட்டுக்குப் பக்கமா? அப்ப சரி," என்றார். சரி என்பதைத் தவிர எல்லாம் அந்தக் குரலில் இருந்தது.

நெரைடா மகளின் தலையைத் தடவிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு புருஷனைப் பார்த்து ரொம்ப நிதானமாகக் கேட்டாள்.

"மோன்சே அண்ணன் ஐயாயிரம்னுதானே சொன்னார்?"

"ஆமா."

"அந்த வண்டியையே வாங்கிடு."

வீலோ காதில் விழுந்ததை நம்பாமல் மகளைப் பார்த்தார், அபிமாயேலைப் பார்த்தார். "அப்ப நான் ஜெயிச்சுட்டேனா?"

"ஜெயிச்சுட்டேய்யா. நீ காலையிலிருந்து சொன்னது அத்தனையும் சரி. இந்த வண்டியை எடுத்தா நாலு வருஷத்துக்கு அசைய முடியாது. அதுவே சொந்த வண்டின்னு வையி, நினைச்ச அன்னிக்கு விக்கலாம். வித்த காசுல டிக்கெட் வாங்கலாம்."

"டிக்கெட்டா? யாருக்கு?"

"எனக்கு."

"நீதான் விமானத்தில ஏறமாட்டியே."

"ஏறமாட்டேன்னு சொன்னப்ப பிள்ளைங்கள்ல ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க. இப்ப நிலைமை அப்படியில்ல. நீயும் வர்றதா இருந்தா வா. உன் டோமினோ மேசையை விட்டுட்டு ஒரு நாள்கூட இருக்கமாட்டேன்னு நீதான் ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கே."

"போயிட்டு எப்ப வருவே?"

"போனாத்தானே தெரியும்."



வீலோ கோழிக் கம்பிகளைப் பக்கத்திலிருந்த வங்கிக்காரரின் மேசை மேல், அவருடைய காகிதங்களுக்கு மேலேயே வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அபிமாயேலுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, கல்லைப் போட்டதுபோல் உட்கார்ந்தார்.

"தம்பி, நீ சொன்னது நல்ல வண்டி. எனக்குப் பிடிச்சிருக்கு."

"ஐயா?"

"இந்தக் குத்தகையில அதிகபட்சம் நாலு வருஷம்தானா? ஆறு வருஷத்துக்கு ஏதாவது இருக்கா?"

"பாக்கலாம் ஐயா. உங்க பேர்லதானே?"

"என் பேர்ல எதுக்கு? நான் எங்க போகப்போறேன்? என் பொண்டாட்டி பேர்ல போடு."

நெரைடாவுக்குச் சிரிப்பு வந்தது, சண்டை போடவும் தோன்றியது. முப்பத்தோரு வருடத்தில் இந்த மனிதர் அவளைப் போகாதே என்று சொன்னதே இல்லை. சொல்லும்படி அவளும் எங்கேயும் போனதில்லை. இப்போதும் அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சிவப்புக் காரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், காது இரண்டும் சிவந்து போய்.

"அம்மா, கையெழுத்து நீங்கதான் போடணும்," என்றான் அபிமாயேல்.

அவன் பேனாவை நீட்டினான். நெரைடா அதை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.